தலையணை மேல் ஒரு லேப்டாப்

இந்த வருடம் ஒரே ஒரு விஷயத்திலாவது மனைவியை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சுலபமாக இருக்கட்டும் என்று, கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது என் கணக்கு.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊராரை மேலே ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தரைத்தளத்தில் நின்றுவிடுகிறவன். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கம்ப்யூட்டரில் கார் பந்தயம். அதுவும் மனைவியின் லேப்டாப்பில், அவள் வேலை முடிந்து அனுமதி கொடுத்தால்தான். அவள் வீடுகளுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுப்பவள். யார் வீட்டுச் சமையலறையோ அதில் எப்போதும் பாதி வரைந்து கிடக்கும். என் கார் வாசலிலேயே காத்துக் கிடக்கும்.

எனக்கென்று ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"லேப்டாப்ல என்ன கார்டு இருக்கு?" என்றாள். நம்பரைச் சொன்னேன்.

"நீங்க கேக்குற டெஸ்க்டாப்ல?"

அதே நம்பரைச் சொன்னேன்.

"அப்ப எதுக்குங்க இன்னொண்ணு?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர்தான் ஒன்று, பிழைப்பு வேறு என்றேன். ஒரே மோட்டாரை ஒன்று காற்றோட்டமான அறையிலும் இன்னொன்று பீரோவுக்குள்ளும் வைத்தால் எப்படி இருக்கும்? லேப்டாப் கார்டுக்குக் கிடைப்பது பாதி கரண்ட். மூச்சு விட இடமில்லை. சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான வேலை என்றால் டெஸ்க்டாப்தான் என்று முடித்தேன். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

"கண்ணால பாத்தா ஒத்துக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அதே நம்பர் கார்டு அவனிடம் இருந்தது. இரண்டிலும் ஒரே பந்தயத்தை ஓட்டி, எது வினாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு.

வித்தியாசம் போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். மேஜையில் இடமில்லை என்று சொல்லி, லேப்டாப்பைக் கட்டிலில் தலையணை மேல் வைத்தேன். காற்று போகும் ஓட்டைகள் எல்லாம் அடிப்பக்கம். எல்லாம் பஞ்சுக்குள் சுகமாகப் புதைந்தன.

டெஸ்க்டாப் நூற்றுப்பத்தில் அசையாமல் நின்றது. லேப்டாப் எழுபத்தைந்தில் கிளம்பியது. அறுபது ஆனது. பத்து நிமிடத்தில் நாற்பது. கார் தத்தித் தத்திப் போனது. உள்ளே விசிறி கதறியது.

"பாவம், அது மேல தப்பு சொல்லக்கூடாது" என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

மனைவி லேப்டாப்பின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "நீங்க சொன்னது சரிதான். வாங்கிடலாம்" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. அரை நாள் லீவு போட்டு, மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, வயர்களை லிஃப்டுக்குக் கட்டுவதுபோல் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் நாற்காலியில் மனைவி இருந்தாள். திரையில் யார் வீட்டுச் சமையலறையோ பளபளத்தது.

"என்னம்மா இது?"

"வரைஞ்சதை நிஜ வீடு மாதிரி ஒரு படமா மாத்தறதுக்கு லேப்டாப்ல ஒரு மணி நேரம் ஆகும். கனமான வேலைக்கு இதுதான்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் ரொம்ப நாளா இதைத்தான் வாங்கணும்னு நெனச்சேன்."

"அப்ப என் பந்தயம்?"

"லேப்டாப் இனிமே உங்களுக்குத்தான். என்னைக் கேக்கவே வேண்டாம்."

ஆனாலும் கடைசியாக ஒரு முறை முட்டிப் பார்த்தேன். "அதுல நாப்பதுதானே வருது?"

அவள் திரும்பவே இல்லை.

"தலையணையை எடுத்துட்டு ஓட்டுங்க, எழுபத்தஞ்சு வரும்."