நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் காவலர்கள்

இந்த நாட்டின் இளைய தலைமுறை இன்னும் முழுவதுமாகக் கெட்டுப் போகவில்லை என்றால், அதற்குப் பள்ளிக்கூடமோ பெற்றோரோ போலீஸோ காரணம் அல்ல. ஜெயங்கொண்டத்துக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவே, முந்திரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டம்தான் காரணம். ஊர்ப் பெயர் இங்கே சொல்லப்படாது. தொண்டு செய்கிறவர்கள் விளம்பரத்தை விரும்புவதில்லை. வக்கீல் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

வட்டத்தில் ஏழு பேர். தலைவர் சாமிதுரை, முந்திரி மண்டி முதலாளி. கொட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தே உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவார். அறுபத்தெட்டு வயதுவரை ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆகவே எந்தப் புத்தகத்தின் மீதும் அவருக்குச் சார்பு கிடையாது. தலைமைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? துணைத்தலைவர் ராசாங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்ற ஐந்து பேரும் இவர்கள் இருவரும் சொல்வதை ஆமோதிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; அந்த வேலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. நூலகத்தின் நாற்காலிகள் அத்தனையும் வட்டத்தின் உபயம். யார் உட்கார்ந்தாலும் முதுகில் சாமிதுரையின் பெயரைச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

நூலகர் லீலாவதிக்கு இது பதினோராவது வருடம். இந்தப் பதினோரு வருடத்தில் அவளிடம் வந்தவர்கள் மூன்று வகை. பேப்பர் பார்க்க வருகிறவர்கள், குரூப் நாலு பரீட்சை வழிகாட்டி கேட்கிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள். ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, "அது இருக்காக்கா?" என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. போன மாதம் ஒருத்தி கேட்டாள். பூவிழி, பிளஸ் ஒன். முந்திரி உடைக்கும் கம்பெனியில் அம்மா.

கேட்டதற்குக் காரணம், மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. ஒவ்வொரு கிளை நூலகமும் பதின்ம வயதினருக்கு எழுதும் ஓர் எழுத்தாளரை அழைத்து, பிள்ளைகளோடு உரையாட வைத்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். லீலாவதி பெரம்பலூர் கீதாஞ்சலியைப் பிடித்தாள். கீதாஞ்சலி கால்நடை மருத்துவர். பகலில் மாட்டுக்கு ஊசி, மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்கு நாவல். 'ஆறரை மணி டவுன் பஸ்' என்று ஒன்று எழுதியிருந்தார். பதிப்பகத்தில் பிரதி தீர்ந்துவிட்டது. நூலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது.

"எழுத்தாளர் வர்றதுக்குள்ள நான் படிச்சிடணும்க்கா. படிச்சிட்டு அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அவங்க வர்றதுக்குள்ள உன் கையில புத்தகம் இருக்கும். இது என் வாக்கு" என்றாள் லீலாவதி. அரசு ஊழியர் யாரும் செய்யக்கூடாத காரியம் அது.

மறுநாளே வட்டத்தின் அவசரக் கூட்டம். நிகழ்ச்சிக்கு ஒப்புதல் தர வேண்டும் அல்லவா? மாதிரிக்கு இருக்கட்டும் என்று லீலாவதி புத்தகத்தையும் மேசைமேல் வைத்தாள். ராசாங்கம் அதை எடுத்து, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் நின்றார்.

"தலைவரே, இதுல ஒரு எடம் இருக்கு."

"என்ன எடம்?"

"நாப்பத்தி மூணாம் பக்கம். ஒரு பொண்ணு, ஒரு பையன். பஸ் ஸ்டாண்டு. மழை."

ஏழு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் மேசையை நோக்கி நகர்ந்தன.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: "இளையோரின் மனநலன் கருதி, மேற்படி நூல் வட்டத்தின் 'பாதுகாப்பில்' வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் எழுவராலும் தனித்தனியே பரிசீலிக்கப்படும்."

"ஐயா, இருக்கறது ஒரே புத்தகம். ஒரு பொண்ணு பேர் எழுதி வச்சிருக்கு" என்றாள் லீலாவதி.

"எப்ப வேணும்?" என்றார் சாமிதுரை.

"நாளைக்கே வேணும்ங்கய்யா."

"நாளைக்கா! ஏழு பேரு பாக்கணும்மா. ஆளுக்கு ஒரு வாரம்."

"ஏழு வாரம் ஆயிடும். எழுத்தாளரே அஞ்சு வாரத்துல வந்துடுவாங்க. ஆளுக்கு ஒரு நாள் போதாதுங்களா? ஒரே ஒரு பக்கந்தானே?"

"ஒரு பக்கந்தான். ஆனா கனமான பக்கம். உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நாலு நாள்."

"ரெண்டு."

"மூணு. இதுக்குக் கீழ கட்டுபடியாவாது."

மூன்று நாளில் படிந்தது. இருபத்தொரு நாளில் புத்தகம் திரும்பிவிடும், பூவிழிக்கு இரண்டு வாரம் மிச்சம் என்று லீலாவதி மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். பெரியவர்களின் கடமை உணர்ச்சியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர்கள் கடமையைச் செய்த விதத்தைச் சொல்ல வார்த்தை போதாது. ராசாங்கம் பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பரிசீலித்தார். சிமென்ட் ஆலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்ற அமிர்தலிங்கம், பேப்பருக்குள் வைத்துப் பரிசீலித்தார்; பேப்பர் இரண்டு நாள் பழசு என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சாமிதுரை மண்டியில் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பரிசீலித்தார். வாழ்நாளில் அவர் படித்த முதல் பக்கம் அது. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார்.

இருபத்திரண்டாம் நாள் லீலாவதி போன் செய்தாள்.

"அதாம்மா, ராசாங்கம் சாருக்கு ஒரு சந்தேகம். மறுபடி வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றார் சாமிதுரை.

ராசாங்கத்துக்குப் போன் போனது. "அமிர்தலிங்கத்துக்குத்தான் தெளிவில்ல. அவசரப்படக் கூடாதும்மா. இது ஒரு தலைமுறையோட விஷயம்."

அமிர்தலிங்கம் போனை எடுத்த உடனேயே, "எங்கிட்ட இல்ல" என்றார். எதைக் கேட்கப்போகிறாள் என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூவிழி வருவாள். "வந்துடுச்சாக்கா?" என்பாள். "நாளைக்கு" என்பாள் லீலாவதி. கடைசி வாரத்தில் அந்தப் பெண் கேட்பதை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். கேட்டிருந்தாலாவது தேவலாம் என்று இருந்தது லீலாவதிக்கு.

விழா நாள் வந்தது. புத்தகம் வரவில்லை.

அரசு மகளிர் பள்ளியிலிருந்து நாற்பத்தாறு பிள்ளைகளை அழைத்து வந்து தரையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிகள் பெரியவர்களுக்கு. இரண்டரை மணிக்குத் தொடங்கியது. தலைவருக்கு ராசாங்கம் பொன்னாடை போர்த்தினார். ராசாங்கத்துக்குத் தலைவர் போர்த்தினார். ஏழு பேரும் ஒருவருக்கொருவர் போர்த்தி முடித்தபோது ஒன்று மிஞ்சியது. அது எழுத்தாளருக்குக் கிடைத்தது. வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, வாழ்த்துரை மூன்று. இன்றைய இளைஞர்கள் படிப்பதே இல்லை என்று ஆறு பேர் வருந்தினார்கள். "செல்போனைக் கீழ வச்சிட்டுப் புத்தகத்தைக் கையில எடுங்க!" என்று சாமிதுரை முழங்கியபோது, லீலாவதி சுவரைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு மைக் கீதாஞ்சலியிடம் வந்தது. நாலரைக்குப் பிள்ளைகளுக்குப் பஸ்.

"என் புத்தகத்தை யாரெல்லாம் படிச்சிருக்கீங்க?"

ஒரு கையும் எழவில்லை. பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல. மேடையில பெரியவங்க யாராவது?"

"ஐயய்யோ, அது பிள்ளைங்க புத்தகம்மா. நாங்க எதுக்கு?" என்றார் ராசாங்கம்.

கீதாஞ்சலி மாட்டின் வாயைத் திறக்காமலே என்ன தின்றிருக்கிறது என்று சொல்லக்கூடியவர். ஏழு முகங்களையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சரி, ஒரு இடத்தை மட்டும் சொல்றேன். எழுதி ரொம்ப நாளாச்சு, எனக்கே சரியா ஞாபகம் இல்ல. நிலவரசின்னு ஒரு பொண்ணு. பஸ் ஸ்டாண்டுல நிக்கறா. மழை பெய்யுது. பரணி ஓடி வந்து அவ கையைப் பிடிக்கறான்..."

"அவன் எங்கம்மா பிடிச்சான்? அவதான் பிடிச்சா" என்றது மேடை. அமிர்தலிங்கத்தின் குரல்.

"ஓ, அப்படியா சார்? வலது கையா?"

"இடது கை" என்றார் ராசாங்கம். "வலது கையில குடை இருக்குல்ல."

"குடை பையன் கையில சார்" என்றார் கடைசி நாற்காலியில் இருந்தவர்.

"அட, பொண்ணு கையிலதான்யா!"

"நான் நாலு தடவ பாத்திருக்கேன்!"

"நான் ஆறு தடவ!"

இந்த இடத்தில் சாமிதுரையின் தொழில் நேர்மையைப் பாராட்டியே ஆக வேண்டும். நாற்பது வருடம் மண்டி நடத்தியவர். கண்ணெதிரே சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால் பொறுக்க மாட்டார்.

"எல்லாரும் சும்மா இருங்கய்யா! குடை ரெண்டு பேரு கையிலயும் இல்ல. பெஞ்சு மேல இருக்கு. இந்தா பாரு!"

சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கூட்டுக்குள்ளிருந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பிளேடால் நேர்த்தியாக அறுத்த தாள். நூலக முத்திரை ஓரத்தில் ஊதா நிறத்தில் தெரிந்தது.

பிரித்த பிறகுதான், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அது... வந்தும்மா... இந்தத் தாளை மட்டும் எடுத்துட்டா மிச்சத்தைப் பிள்ளைங்க படிச்சுக்கலாமேன்னு..."

"மிச்சம் எங்கங்கய்யா?" என்று கேட்டாள் லீலாவதி.

மிச்சம், அவர் காலடியில் இருந்த மஞ்சள் பைக்குள் இருந்தது.

"எடுத்தது எடுத்துட்டீங்க. நீங்களே படிச்சுக் காட்டிடுங்க சார்" என்று கீதாஞ்சலி மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

சாமிதுரை படித்தார். எழுத்துக் கூட்டவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால்கூடச் சொல்லியிருப்பார். நிலவரசி பரீட்சையில் தோற்றுவிட்டாள். பஸ்ஸில் ஏறாமல் நிற்கிறாள். கூடப் படிக்கிற பையன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "எனக்கு வீட்டுக்குப் போக பயமா இருக்குடா."

அவ்வளவுதான். நாற்பத்து மூன்றாம் பக்கம் முடிந்தது.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுக்காடீ?" என்று ஒருத்தி முணுமுணுத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

பூவிழி எழுந்து நின்றாள். "அப்புறம் என்னாச்சுங்கய்யா? வூட்டுக்குப் போனாளா?"

சாமிதுரை ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் அமிர்தலிங்கத்தைப் பார்த்தார். ஏழு பேர், ஐந்து வாரம், இத்தனை முறை பரிசீலனை. அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"பின்பக்கம் இருக்கு சார்" என்றார் கீதாஞ்சலி.

சாமிதுரை தாளைத் திருப்பினார். இப்போது எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. விரல் வரியின்மேல் நின்று நின்று நகர்ந்தது.

"அப்பாகிட்ட... சொல்லலாம்தான். ஆனா நான் சொல்றதைக் கேக்கறதுக்கு முன்னாடி... யாரு கையைப் பிடிச்சேன்னு... கேப்பாரு."

பிள்ளைகளில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மேடைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பூவிழி உட்காரவில்லை. "இதைத்தாங்க்கா நான் கேக்க வந்தேன்" என்றாள் எழுத்தாளரிடம். "சொல்றதுக்கு ஆள் இல்லாதவங்களைப் பத்தி எழுதிருக்கீங்களான்னு."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நன்றியுரை ரத்தானது, அந்த வாசகர் வட்டத்தின் வரலாற்றில் முதல்முறை. கீதாஞ்சலி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். லீலாவதி அறுந்த தாளை அதன் இடத்தில் செருகி, தேதி முத்திரை குத்தி, எல்லோர் கண்ணெதிரிலும் பூவிழியின் கையில் கொடுத்தாள். எழுத்தாளர் வருவதற்குள் என்று சொல்லியிருந்தாள்; அவர் போவதற்குள் கொடுத்தாயிற்று. தாமதம்தான் என்றாலும், வாக்கு வாக்குதான்.

கூட்டம் கலைந்ததும் லீலாவதி மேசையில் உட்கார்ந்து சேதமடைந்த நூல்களுக்கான பதிவேட்டை எடுத்தாள். சாமிதுரை எதிரே வந்து நின்றார். பொன்னாடை ஒரு தோளில் தொங்கியது.

"என்னம்மா எழுதற?"

"பக்கம் நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு சேதம்னு எழுதிட்டேங்கய்யா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

"கரையான்னு போட்டுடும்மா."

"கரையான் பக்கம் பாத்துத் திங்காதுங்கய்யா."

"சரி, எலி."

"எலிக்குப் பிளேடு ஏதுங்கய்யா?"

"மழைத்தண்ணி? கூரை ஒழுகுதுன்னு நீதானே போன வருசம் சொன்ன?"

"அந்த மழை நெசம்தாங்கய்யா. இது கதையில பெஞ்ச மழை."

"உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்மா. கட்டத்தைக் காலியா விட்டுடேன்."

பதினோரு வருடமாக அவர் சொன்ன விலைக்குத்தான் எல்லாம் படிந்திருந்தது. லீலாவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, வட்டத்தின் தீர்மானத்தில் இருந்த அதே மரியாதை குறையாமல், தெளிவான கையெழுத்தில் கட்டத்தை நிரப்பினாள்:

"சேதத்துக்குக் காரணம்: பெரியோர்கள் எழுவர் பாதுகாத்தது."