தக்காளி மேஸ்திரியின் தீர்ப்பு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு, இண்டூர் வேகத்தடையில், என் கணவரின் பல்செட் வெளியே வந்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரோடு சரியில்ல" என்றார். அந்த வேகத்தடை மட்டும் இல்லையென்றால், தக்காளி மேஸ்திரியை நான் சந்தித்தே இருக்கமாட்டேன். மனிதர்கள் சொல்வதை நம்பாமல், தக்காளி சொல்வதை மட்டும் நம்பி வண்டி பார்க்கும் மெக்கானிக் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில், என் மகளுடைய மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தலைப்பிரசவத்துக்குத் தர்மபுரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். டாக்டரம்மா அலுங்காமல் கூட்டிவரச் சொல்லியிருந்தார். அதற்காகவே என் கணவர் பெங்களூரில் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கினார். பின்னால் கதவு திறந்து சாமான் ஏற்றும் நீளமான வண்டி. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காது; தானே எழும்பி உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். மகளை மெத்தையில் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் வேறு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் போனது அதற்கான ஒத்திகை.

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, ஒரு நடை ஏறி உட்கார்ந்து, தெருமுனை வரை போய்வந்தார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த வண்டியில புள்ளய அனுப்ப மாட்டனுங்க சம்பந்தி. பிரசவம் எங்க வூட்லயே ஆகட்டும்."

வாடகைக் கார் வைத்துக்கொள்கிறோம் என்று நான் சொல்வதற்குள் என் கணவர், ஞாயிற்றுக்கிழமை இதே வண்டி பஞ்சாய் வரும் என்று சபதம் செய்துவிட்டார். அவருக்குச் சபதம் வரும். எனக்குச் செலவுக் கணக்கு வரும்.

அவர் சொந்த வைத்தியத்தில் இறங்கினார். காலி ஜீப் குதித்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்: பின்னால் இரண்டு மூட்டை கேழ்வரகைப் போட்டார். எங்கள் கார் மூட்டைகளை ஒரு கணம் யோசித்துவிட்டு மெதுவாக எழும்பிப் பழைய உயரத்துக்கே வந்து நின்றது. குதிப்பு இரண்டு மடங்கானது. தர்மபுரியில் இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்து, உயரம் சரியாக இருக்கிறது, டயரில் காற்று சரியாக இருக்கிறது, எங்களுக்குத்தான் வயதாகிவிட்டது என்றார்கள்.

அன்று மதியமே பாலக்கோட்டுக்குப் போனோம். தக்காளி மேஸ்திரி இருபது வருடம் தக்காளி லாரி ஓட்டியவர். எந்தக் குழியில் எந்தப் பழம் நசுங்கும் என்று கரைகண்டு, பிறகு ஒர்க்‌ஷாப் வைத்தவர். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். மண்டிக்குப் போய் நன்றாகக் கனிந்த, தோல் மெல்லிய பழமாகப் பொறுக்கி ஒரு கிரேடு, அதாவது ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய, கொண்டுவருவார். பின் சீட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டுவார். அடிவரிசை நசுங்கினால் ஒரு வியாதி, ஓரம் நசுங்கினால் வேறு வியாதி. ஒரு வக்கீல் முதுகுவலிக்குத் தன் காரைக் குறை சொல்லிவந்தபோது ஒரு பழம்கூட நசுங்கவில்லையாம். மேஸ்திரி அதே கிரேடைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போய் நாற்காலியைச் சோதித்திருக்கிறார். நாற்காலிதான் குற்றவாளி.

எங்கள் காரில் மூன்று வரிசையும் சாறாகிவிட்டது. மேஸ்திரி அந்தச் சாற்றை மரியாதையோடு பார்த்தார்.

"எல்லாரும் டிக்கில ஏறுங்க. டீச்சர், நீங்களும்."

பள்ளிக்கூட டீச்சரான நானும் கணவரும், டீ குடிக்க வந்த இரண்டு பேரும் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தரையில் படுத்து, தப்பிப் பிழைத்த ஒரே தக்காளியை பம்பருக்குக் கீழே பிடித்தார். வண்டி தாழ்ந்தது, தக்காளி பிதுங்கியது. பிறகு நான்கு பேரையும் சுமந்துகொண்டு வண்டி மெல்ல மேலே எழும்பியது.

"பம்ப் நல்லாருக்குதுங்க. தூக்கறதுக்குத் தெம்பு இருக்குது, தாங்கறதுக்குத்தான் மனசில்ல."

பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் தேங்காய் அளவு இரும்பு உருண்டை இரண்டு இருக்குமாம். ஒரு பாதியில் எண்ணெய், மறுபாதியில் வாயு, நடுவே ஒரு ரப்பர் திரை. பள்ளத்தில் விழும்போது எண்ணெய் வாயுவை அமுக்கும்; அதுதான் மெத்தை. வாயு போய்விட்டால் மெத்தை கிடையாது; எங்கள் காரில் அதுதான் போய்விட்டதாம். உயரம் மட்டும் சரியாக நிற்கும், ஏனென்றால் அது பம்ப் பார்க்கும் வேலை.

"எண்ணெய நசுக்க முடியுமாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

திரவத்தை அமுக்க முடியாது என்று ஒன்பதாம் வகுப்புக்கு இருபது வருடமாக நடத்துகிறேன். அந்தப் பாடம்தான் இண்டூரில் என்னைத் தூக்கி அடித்திருக்கிறது.

உருண்டைகளைப் பெங்களூரில் வாங்கி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை நேராகப் பென்னாகரத்துக்கே வருவதாகச் சொல்லிக் காரை வைத்துக்கொண்டார். நாங்கள் வளைகாப்புக்கு பஸ்ஸில் போனோம். வளையல் அடுக்கி முடித்து, சாப்பாட்டுப் பந்தியும் எழுந்துவிட்டது. வண்டியைக் காணோம். போன் எடுக்கவில்லை. சம்பந்தியம்மா என் மகளின் பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். என் கணவர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது அப்படித்தான் செய்வார்.

மூன்றரைக்குக் கார் வந்தது, மாட்டு வண்டி வேகத்தில். பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாக அதே வேகம். கையில் போனை எடுத்தால் கவனம் சிதறும் என்று எடுக்கவில்லையாம். பின் சீட்டில் ஒரு கிரேடு தக்காளிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். சம்பந்தியம்மா ஒவ்வொரு பழமாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜாதகத்தைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. ஒன்றுகூட நசுங்கியிருக்கவில்லை. கடைசிப் பழத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டதற்கு மேஸ்திரி வரவில்லை. சாவியை என் கணவரிடம் கொடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்து டிக்கியில் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாப்பாவ உக்கார வைங்க டீச்சர். ஏதாச்சும் குலுங்குச்சுன்னா மொதல்ல எனக்குத் தெரியட்டும்."