ஒத்தடக்காரரும் முனியப்பாவின் படகு மோட்டாரும்

ஓசூரிலிருந்து சூளகிரி வரைக்கும், இறுகிப்போன எந்த இரும்பும் ஒத்தடக்காரர் கை படாமல் குப்பைக்குப் போனதில்லை. கிணற்று மோட்டார், கடை ஷட்டர், மாவு மில் சக்கரம், எதுவானாலும் முதலில் வெந்நீர் போடச் சொல்வார். பழைய துண்டை முக்கிப் பிழிந்து, பிள்ளை பெற்றவள் இடுப்புக்கு வைப்பதுபோல் பதமாக வைப்பார்.

"அடிச்சா இன்னும் பிடிவாதம் பண்ணும் சார். வலி போனா தானா வுடும்."

எங்கள் தெருவில் மட்டும் பதினான்கு இயந்திரங்களுக்கு ஒத்தடம் கொடுத்தார். பதினொன்று பிழைத்தன. கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் நட்டு போல்ட் எண்ணியவன் நான், கணக்குத் தப்பாது.

மனிதர்களிடம் தமிழ் பேசுவார், இயந்திரங்களிடம் தெலுங்கு. ஏன் என்று கேட்டேன்.

"தமிழ்ல சொல்லிப் பாத்தேன் சார், கேக்கல."

போன வருஷம், ஏரியில் மீன் பிடிக்கும் முனியப்பாவின் படகு மோட்டார் நின்றுபோனது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. முனியப்பாவுக்கு இடது தோள் போய் மூன்று வருஷம். துடுப்புப் போட முடியாது. மோட்டார் இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் ஏதாவது கம்பெனி வாசலில் வாட்ச்மேன் சட்டைதான்.

ஒத்தடக்காரர் உதவிக்கு என்னையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து போல்ட்டைக் கழற்றி, தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பாகத்தைத் தனியாகப் பிரித்தார். இப்போது மேலே என்ஜின் சுலபமாகச் சுற்றியது.

"தலை நல்லாத்தான் இருக்குது. கால்தான் புடிச்சிக்கிச்சு."

காலின் அடியில் இருந்த ஸ்க்ரூவைத் திறந்தார். கியர் ஆயில் வரவேண்டிய இடத்தில் பால் காபி நிறத்தில் ஏதோ வழிந்தது. தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீரைத் தள்ளும் ஃபேனைக் கழற்றினால் பின்னால் நைலான் வலைநூல், பதினேழு சுற்று, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துக்கொண்டு இருந்தது.

"ஏன்டா, சொந்த வலை மேலயே ஓட்டினியா?"

"ஒரே ஒரு தடவதாண்ணா."

"விஷம்கூட ஒரே தடவதான்டா குடிப்பாங்க."

ஒத்தடம் ஆரம்பித்தது. துண்டு என் கையில். "நல்லா ஒத்துங்க சார், ஒத்துங்க" என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பது குடம் வெந்நீர் தீர்ந்தது. முனியப்பா விறகு பொறுக்கப் போனான். ஷாஃப்ட் ஒரு நூல் அளவு அசைந்தது. கடப்பாரையை ஷாஃப்ட் இடுக்கில் செருகி என்னிடம் கொடுத்து, லேசாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

திடீரென்று, "ஒத்து! ஒத்து!" என்று கத்தினார்.

காலின் உறையில் விரிசல் ஓடுவதைப் பார்த்துவிட்டார். பதற்றத்தில் என்னிடமும் இயந்திரங்களின் பாஷையில் பேசிவிட்டார். எங்கள் பக்கத்துத் தெலுங்கில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். இரண்டு மணி நேரமாக ஒத்திக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது தமிழ். ஐம்பத்தெட்டு கிலோவையும் சேர்த்து அழுத்தினேன்.

டப்பென்று உறை இரண்டாகப் பிளந்தது.

விறகோடு வந்த முனியப்பா அப்படியே நின்றான். "என்னாண்ணா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒத்தடக்காரர் சொன்னார்: "நான்தான்டா. அவசரப்பட்டுட்டேன்."

"உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்." விறகைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவு பழைய மோட்டாருக்கு உறை பெங்களூரிலும் கிடைக்கவில்லை. முனியப்பா இப்போது ஒரு கம்பெனி வாசலில் நிற்கிறான். உள்ளே போகிறவர்களிடமெல்லாம் ஒத்தடக்காரர் மோட்டாரை உடைத்த கதையைச் சொல்கிறான். ஒத்தடக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. டீக்கடை பெஞ்சில், கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல நான்கு முறை முனியப்பாவிடம் போனேன். நான்கு முறையும் தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறுகிப்போச்சு, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று அவருக்குப் போன் செய்தேன்.