மூன்றாவது ஓட்டை

இந்த வருஷம் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை நான் காட்டில்தான் இருப்பேன். மச்சினி ஜாய்ஸ் வீட்டு ஏணியில் இருக்க மாட்டேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த எந்த ஆண்மகனும் நவம்பரில் செய்யும் சபதம்தான். மனைவி காதில் விழும்படி செய்ததுதான் தப்பு.

“ஜாய்ஸ் வீட்டுச் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டித் தர்றேன்னு நீதானே ஒத்துக்கிட்டே, கோர்டி?”

“தூக்கத்துல ஒத்துக்கிட்டிருப்பேன், மார்லிஸ்.”

“சரி. செவ்வாய்க்கிழமை பவுலிங்ல பாத்துக்கலாம். யாருக்குப் பாயிண்ட் ஜாஸ்தியோ, சனிக்கிழமை அவங்க சொல்றபடி.”

கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் ‘பின்’ என்ற பத்துக் கட்டைகளைச் சாய்ப்பதுதான் பவுலிங். எங்கள் ஊர் பவுலிங் லீக்குக்குச் செயலாளரே மார்லிஸ்தான். விதிகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் எனக்கு மனப்பாடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கஷ்டம் வேறு. பந்தில் கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற இரண்டு விரலுக்கு இரண்டு என்று மூன்று ஓட்டை இருக்கும். கட்டைவிரல் மூட்டு வீங்கியதிலிருந்து, அதை வெளியே விட்டுவிட்டு இரண்டு விரலால் உருட்டிப் பழகுகிறேன். அப்படி உருட்டினால் பந்து பம்பரமாகச் சுற்றும். பவுலிங் கூடத்து முதலாளியோ பந்து உருளும் தளத்துக்கு எண்ணெய் பூசுவதில் மகா கஞ்சன். காய்ந்த தளத்தில் என் பந்து நேராகப் புறப்பட்டு, பாதி வழியில் மனசு மாறி, ஓரத்துப் பள்ளத்தில் போய் விழும். மார்லிஸ் நேராகத்தான் உருட்டுவாள். பேச்சும் அப்படித்தான்.

ரகசியமாக எல்ராயிடம் போனேன். கூடத்து மூலையில் பந்துகளுக்கு ஓட்டை போட்டுக் கொடுப்பவன் அவன்.

“இந்தச் சொரசொரப்புப் பந்தை எவன்யா உன் தலையில கட்டினான்?”

“நீதான்.”

“அப்போ உனக்குக் கட்டைவிரல் இருந்துச்சுப்பா. இப்ப வழவழன்னு சாதாப் பிளாஸ்டிக் பந்து எடு. காஞ்ச தளத்துலயும் வழுக்கிட்டுப் போகும். திரும்பவே சோம்பல்படும்.”

“சோம்பேறிப் பந்தா?”

“உனக்குப் பொருத்தம்தான். உள்ளே இருக்கிற கனம் தள்ளாடாத இடமாப் பாத்து ரெண்டே ஓட்டை போடுறேன். தயாரானதும் போன் பண்றேன்.”

பண்ணினான். எடுத்தது மார்லிஸ்.

“நீ எதுக்கு அலையணும்? நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன்” என்று செவ்வாய்க்கிழமை மாலை பையை நீட்டினாள். ரகசியம் போனாலும் பந்து வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். கூடத்துக்குப் போய்த்தான் பையைத் திறந்தேன். மூன்று ஓட்டைகள்!

“ரெண்டுதானே சொன்னேன்?”

“எல்ராய் பழக்க தோஷத்துல போட்டிருப்பான். ஒரு ஓட்டை கூட இருந்தா என்ன குடி முழுகிப் போச்சு? உன் விரலை வெளியவே வச்சுக்க.”

எவ்வளவு நல்ல மனசு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பந்து நான் சொன்ன பேச்சைக் கேட்டது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடப்பது அதுதான் முதல் தடவை. பின்கள் பத்தும் சடசடவென்று சாய்ந்தன. ஒவ்வொரு தடவையும் மார்லிஸ் கைதட்டினாள். கடைசியில் அவளுக்கு நூற்று எழுபது, எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. மனசுக்குள் வேட்டைக் கோட்டு மாட்டிக்கொண்டு துள்ளினேன்.

மார்லிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டினாள்.

“பந்துல எத்தனை ஓட்டை இருக்கோ, ஒவ்வொரு உருட்டலுக்கும் அத்தனையிலயும் விரல் இருக்கணும். இல்லேன்னா அது செல்லாது. லீக் விதி.”

“அப்ப என் பாயிண்ட்?”

“சைபர்.”

“அடிப்பாவி! விரலை வெளிய வச்சுக்கன்னு நீதானே சொன்னே?”

“அது பொண்டாட்டியா சொன்னது. இப்ப பேசுறது செயலாளர்.”

எல்ராய் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “மார்லிஸ்தான்ப்பா மூணாவது ஓட்டை போடச் சொன்னா. உனக்கு விரல் குணமாயிடுச்சாமே?”

சனிக்கிழமை விடிந்ததும் ஊரே காட்டுக்குப் போனது. நான் ஜாய்ஸ் வீட்டு ஏணி உச்சியில், பசையும் பூவுமாக நின்றேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த மார்லிஸ் அண்ணாந்து பார்த்து, அன்பாகச் சொன்னாள்.

“ஓரத்தைக் கட்டைவிரலால நல்லா அழுத்து, கோர்டி.”