பசு ஏற மறுத்த வீடு

சட்டத்தை ஊராரிடம் காட்டினால் சம்பளம் கிடைக்கும். சொந்தத் தாய்மாமனிடம் காட்டினால் என்ன கிடைக்கும் என்பது என் இடுப்புக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் கட்டட ஓவர்சீயர். அடையாற்றங்கரையில் வீடு கட்டுகிறவர்கள், பழைய வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலேதான் தரை போட வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிப்பது என் வேலை. வேலைக்குப் புதுசு, ஆகவே தலையை விட்டுத் தொப்பி இறங்காது. (தூங்கும்போது மட்டும் கழற்றுவேன்.)

அந்தச் சமயம் பார்த்து மாமா அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார். அவர் மகள் கமலாவுக்கும் எனக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. நான் அளந்து பார்த்துவிட்டு, "தரை பத்தாது மாமா, இன்னும் இடுப்பளவு ஒசத்தணும்" என்றேன்.

"டேய், பொண்ணு குடுக்கிறவன்கிட்டயே ரூல் பேசுறியா?"

"ஆத்துக்கு நீங்க மாமன் இல்லையே மாமா!"

கடுகடுத்துக்கொண்டே உயர்த்தினார். வாசலில் செங்குத்தான படிகள் முளைத்தன.

கிரகப்பிரவேசத்தன்று முதலில் பசு உள்ளே போக வேண்டுமல்லவா? பசு படிகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, படுத்துவிட்டது.

"இன்னா சார் இது, மாட்டுக்கு மலையா கட்டி வெச்சிக்கீறே?" என்றார் மாட்டுக்காரர் மன்னாரு.

'அபசகுனம்' என்று கூட்டம் முணுமுணுத்தது. நான் அகத்திக்கீரைக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகப் படியேறினேன். பசு எழுந்து வந்தது. கடைசிப் படியில் கீரையைக் கவ்வியது, கூடவே வேட்டியையும். அப்படியே திரும்பித் தெருவோடு ஓட்டம்! உயரமான வாசல் பாருங்கள், தூரத்தில் நின்றவர்களுக்கும் நான் நன்றாகத் தெரிந்தேன். (கமலா பக்கத்திலேயே நின்றாள்.)

"பசுகூட நொழையாத வீடாக்கிட்டியே! உனக்குப் பொண்ணு இல்லடா, போ!" என்றார் மாமா. அன்றைக்கு நிஜமாகவே அழுதேன்.

ஐப்பசி மழையில் ஆறு கரை மீறியது. பதறிப்போய் மயிலாப்பூரிலிருந்து ஓடினேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர். மாமா வீட்டுத் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்க, அத்தை கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் அதே பசு, தோரணத்து மாவிலையை மென்றுகொண்டு நின்றது.

"நா இஸ்துக்கினு வரல சார், அதுவா ஏறிக்கிச்சி" என்றார் மன்னாரு.

மாமாவின் கண் கலங்கியிருந்தது. "பசு நொழைஞ்சிடுச்சு மாப்ளே, ஏறி வா. வேட்டியை மட்டும் கெட்டியா புடிச்சிக்க."

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் கீரை வாங்கி வந்தால், கமலா முதலில் என் இடுப்பைத்தான் பார்க்கிறாள்.