மூக்காயியின் காதில் மாட்டிய கிளிப்

ஒரு மலைக்காட்டில், மேகம் முதுகை உரசிப் போகும் உயரத்தில், மூக்காயி என்றொரு கழுதை உப்பு சுமந்து பிழைத்துவந்தது. உச்சியில் இருந்த புலிராஜாவுக்கு உப்பில்லாமல் கறி இறங்காது.

அங்கே காற்று மெலிசு. ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனே கொஞ்சம்தான். மூட்டையோடு ஏறினால் அதையும் கால்சதை பிடுங்கித் தின்றுவிடும். இருப்பதை வைத்து உடம்பு முழுக்கப் பந்தி பரிமாற, நெஞ்சு படபடவென்று அடித்து ரத்தத்தை விரட்டிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் உச்சி வாசலில் அங்குசாமி என்ற குரங்கு புதுக் கருவியோடு உட்கார்ந்திருந்தது. காதில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் கிளிப் அது. எண்பத்தைந்துக்குக் குறைந்தால் மலைக்கு லாயக்கில்லை, அடிவாரத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ராஜா உத்தரவு. அடிவாரத்திலோ கழுதைப்புலி இலை போட்டுக் காத்திருந்தது.

இரைக்க இரைக்க மூட்டையோடு வந்த மூக்காயிக்கு எழுபத்தெட்டு.

"என்னம்மா இது? அந்தா, தொந்தியப்பனைப் பாரு. தொண்ணூத்தி நாலு."

வாசலோரம் படுத்திருந்த பன்றி ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

"அவரு எதைச் சுமந்தாரு சார்?"

"அதெல்லாம் கிளிப்புக்குத் தெரியாது. நாளைக்கும் இப்படியே வந்தா நீ கீழதான்."

மறுநாள் மூக்காயி கடைசி வளைவிலேயே மூட்டையைச் சரித்துவிட்டு வந்தது. "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே" என்று பன்றியின் பக்கத்தில் படுத்து, நெஞ்சு அடங்கிய பிறகு காதை நீட்டியது. தொண்ணூற்று மூன்று. சிறந்த சுமைதூக்கி என்று கழுத்தில் பதக்கம் விழுந்தது.

"சரி, உப்பு எங்கம்மா?"

"வளைவுல கிடக்கு சார். தூக்குனா நம்பர் கெட்டுப்போகுது."

உள்ளே ராஜா உப்பு கேட்டு உறுமினார். வேறு வழியில்லாமல் அங்குசாமியே ஓடிப்போய் மூட்டையைத் தூக்கிவந்தது. நாக்குத் தள்ளி வாசலில் நின்றதை ராஜா பார்த்துவிட்டார்.

"இவனுக்கு என்ன கோளாறு? மாட்டிப் பாருங்க."

மூக்காயி படுத்தபடியே கிளிப்பை வாயால் எடுத்து குரங்கின் காதில் மாட்டியது. எழுபத்தாறு.

"என்ன சார், நீங்க போயி வேலை பாக்கலாமா?" என்றது மெதுவாக.

ராஜா கறிக்கு உப்பிட்டுக்கொண்டே மூக்காயியை வாசல் அதிகாரி ஆக்கினார். அடிவாரத்தில் கழுதைப்புலி, கழுதைக்குப் போட்ட இலையில் குரங்கு வந்ததே என்று குறை சொல்லாமல், உப்பில்லாமலே சாப்பிட்டது.

நீதி: மூச்சிரைக்க நிற்பவர் பக்கத்தில் நிற்காதீர்கள். அவர் எங்கேயோ வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார்.