நல்லா டிராப் ஆகுதுங்க

எங்கள் பக்கம் டிராப் என்பது நல்ல வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் டிராப் பண்ணிவிட்டேன் என்றால், ஆள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்று பொருள். என் ஆங்கிலம் மொத்தமும் இப்படிக் காதில் விழுந்து சேர்ந்ததுதான்.

மல்லசமுத்திரத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் கொடுப்பது என் தொழில். எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரிக்க ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உண்டு. அதை அமைத்துக் கொடுத்த சூரமங்கலத்து இன்ஜினியர், ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் திரையில் ஓடும் எண்களைக் காட்டி, "சென்ட், டிராப் ரெண்டையும் பாத்துக்கிட்டே இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அர்த்தம் கேட்க எனக்குக் கூச்சம். (ஓட்டலில் இரண்டாம் தடவை சட்னி கேட்கவே கூச்சம்.) நானே புரிந்துகொண்டேன்: சென்ட் என்றால் கிளம்பியது, டிராப் என்றால் வாசலில் இறங்கியது.

ஒரு நாள் அக்கா மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிங்கப்பூரிலிருந்து டிவியில், வீடியோ காலில். அக்கா வீட்டு லைனில் டிராப் எவ்வளவு என்று லேப்டாப்பில் பார்த்தேன். பூஜ்யம். கிளம்பியதில் ஒன்றுகூடவா வந்து சேரவில்லை? லோடு லாரி போல மெதுவாக விட்டால் பத்திரமாகச் சேரும் என்று வேகத்தைக் குறைத்தேன். டிராப் ஏறியது. இன்னும் குறைத்தேன். கிடுகிடுவென ஏறியது.

"நல்லா டிராப் ஆகுதுங்க மச்சான்" என்றேன், அக்கா வீட்டுக்காரரிடம். சபையில் நான் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை.

டிவியில் மாப்பிள்ளை, "பொண்ணைப் புடிக்கலை" என்றார். அப்படியே திறந்த வாயோடு உறைந்தார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கவிதா காப்பித் தட்டோடு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, "எம்பையன் மொகம் இத்தனை கோணலா இருக்காதுங்க" என்று எதையோ சமாளித்தார்.

நான் லேப்டாப்போடு கொல்லைக்கு ஓடி இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "டிராப் ஜோரா ஏறுதுங்க. படந்தான் நின்னுபோச்சு."

"அண்ணா, டிராப்னா வழியிலயே கொட்டிப்போனதுங்கண்ணா. அது ஏறவே கூடாது. மொதல்ல வேகத்தைக் கூட்டுங்க."

கூட்டினேன். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. "ஏனுங்க, எல்லாரும் எழவு ஊட்டுல உக்காந்த மாதிரி இருக்கறீங்க? பொண்ணைப் புடிக்கலைன்னு யாருங்க சொல்லுவாங்கன்னுதானே கேட்டேன்?"

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது; அதற்குள் என் டிராப் கதை மாப்பிள்ளை காதுக்கும் போயிருந்தது. இப்போதும் கவிதாவும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்து திரும்பும்போது, சேலம் ஜங்ஷன் வரை கூட்டிப்போக நான் கார் சாவியை எடுப்பேன். மாப்பிள்ளை பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"மாமா, நீங்க டிராப் மட்டும் பண்ணிப்போடாதீங்க. நாங்க ஊரு போய்ச் சேரோணும்."